குழந்தைகளின் அச்சமும் பெற்றோர் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. சென்ற ஆண்டு சிலம்பு பேசினோம். அதற்கு முந்திய ஆண்டு கம்பனைப் பேசினோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், "வீட்டுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். ஆகவே, நம் வீடுகள் பலவற்றில் இருந்தும், வெளியே சொல்ல வெட்கப்பட்டு நாம் மூடி வைத்திருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அதுதான் குழந்தைகளின் அச்சம். நாங்கள் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவர்கள்; மருத்துவம் கற்றவர்கள் அல்லர். ஆயினும் பட்டறிந்த பாடம் ஒன்று உண்டு. அதனை உங்கள்முன் வைக்கவே வந்துள்ளோம்.

அச்சம் என்பது இழிவா? அன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணுங்கால், நகை, அழுகை, பெருமிதம் ஆகியவற்றோடு அச்சத்தையும் ஒருங்கே வைத்தார். அவ்வச்சம் பிறப்பதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என நான்கு நிலைக்களன்களையும் காட்டினார். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இருட்டில் பேய் வரும் என்பான் ஒருவன், அஃது அணங்கு. மாந்தோப்பில் யானை இறங்கியிருக்கிறது என்று நடுங்குவான் மற்றொருவன், அது விலங்கு. இரவில் கதவைத் தாழிட்டாயிற்றா என்று மூன்று முறை கேட்பாள் ஒருத்தி, அது கள்வர். கணக்கு வாத்தியாரை நினைத்தாலே காய்ச்சல் வரும் ஒருவனுக்கு. அவன் உலகில் ஆசிரியர்தாமே அரசர்! இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் அந்நான்கும் மாறவில்லை. வள்ளுவப் பெருந்தகையும், அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் செயல் என்றே மொழிந்தார். எனவே, அச்சமற்ற பிள்ளை வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதே பிழை. அச்சமே இல்லாத பிள்ளை மீன்கரை அணையின் விளிம்பில் ஓடி விளையாடும். பாம்பைக் கையில் எடுக்கும்.

அச்சம் உடலில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். மூளையின் உட்புறத்தில், பாதாம் பருப்பை ஒத்த வடிவில், அமிக்டலா என்னும் சிறு பகுதி உளது. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அது. அது மணி அடித்தவுடன் அட்ரீனலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு மேலெழுகிறது, கைகால்களுக்குக் குருதி பாய்கிறது. ஓடு, அல்லது எதிர்த்து நில் என்பதே உடலுக்கு இடப்படும் கட்டளை. வால்டர் கானன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். அவ்வேளையில் வயிற்றுக்குச் செல்ல வேண்டிய குருதி குறைகிறது. எனவேதான் அஞ்சும் பிள்ளைக்கு வயிறு பிசைகிறது, குமட்டுகிறது, உண்ட இட்டிலி வெளியே வருகிறது. தாய்மார்களே, இதனை நன்கு மனத்தில் இருத்துங்கள். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வரும் வயிற்றுவலி பொய் அன்று. வலி மெய், அதன் வேர் மட்டும் வயிற்றில் இல்லை.

எங்கள் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்ல அனுமதிக்க வேண்டும். பழைய கைகாட்டி மரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பி அறுந்துபோனால் கைகாட்டி தானாகவே அபாயக் குறிக்குத் திரும்பும்படி அதனை அமைத்திருப்பார்கள். தவறினால் பாதுகாப்பின் பக்கமே தவற வேண்டும் என்பது அதன் தத்துவம். குழந்தையின் மனமும் அத்தகையதே. ஐயம் வந்தால் அபாயம் என்றே காட்டும். இயல்பான பிள்ளைக்குச் சற்று நேரத்தில் கைகாட்டி இறங்கிவிடும். சில பிள்ளைகளுக்கோ பாதையில் தடையே இல்லாதபோதும் கைகாட்டி அபாயத்திலேயே நின்றுவிடுகிறது. இதுவே மருத்துவர் அச்ச நோய் என்று சொல்லும் நிலை.

எது இயல்பு, எது நோய் என்று பிரிப்பது எவ்வாறு? எட்டுத் திங்கள் குழந்தை புதியவரைக் கண்டு அழும். இரண்டு வயதுப் பிள்ளை தாய் மறைந்தால் அலறும். ஐந்து வயதில் இருட்டும் பேயும் அச்சுறுத்தும். பத்து வயதில் இடியும் நோயும் மரணமும் கவலை தரும். பதினான்கில், பிறர் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வரும். இவை வயதோடு வந்து வயதோடு போவன. அவ்வாறன்றி, அச்சம் காரணத்திற்கு மிஞ்சி நிற்பின், வாரங்கள் திங்களாகியும் நீங்காதிருப்பின், உணவையும் உறக்கத்தையும் படிப்பையும் விளையாட்டையும் கெடுப்பின், அது நோய் எனக் கருதி உதவி நாட வேண்டும். இது பெருநகரத்து நோய் என்று எண்ண வேண்டா. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழகமும் கேரளமும் இடம்பெற்றிருந்தன. அக்கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயது வரை உள்ளோரில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உடையவர்கள்.

இந்நோய்க்குப் பல உருவங்கள் உண்டு. தாய் தந்தையரைப் பிரிய மாட்டாத அச்சம் ஒன்று. நாலு பேர் முன்னிலையில் வாய்திறக்க மாட்டாத அச்சம் ஒன்று. நாய், ஊசி, இடி என ஒரு பொருளையே பற்றிய அச்சம் ஒன்று. எல்லாவற்றையும் எண்ணி எண்ணிக் கவலையுறும் அச்சம் ஒன்று. வீட்டில் கிளிபோல் பேசும் பிள்ளை பள்ளியில் ஒரு சொல்லும் பேசாதிருப்பதும் உண்டு. இதைப் பற்றி நம்போன்ற எல்லைப்புறத் தமிழர் ஒன்றை அறிய வேண்டும். தமிழ் வழியில் கீழ்நிலைப் பள்ளியை முடித்த பிள்ளை மலையாள வழி வகுப்பில் போய் அமர்ந்தால், முதலில் சில காலம் வாய் மூடியே இருக்கும். மொழி தெரியாத மௌனத்தை மருத்துவ நூலார் நோயில் சேர்ப்பதில்லை. அதற்கு மருந்து, மொழியைச் சொல்லிக்கொடுப்பதே. மொழி வந்த பின்னரும், தமிழில் கேட்டாலும் விடை சொல்லாமல் உறைந்து நின்றால்தான் ஐயுற வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் பாதை 1932இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2008 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஏழாண்டுகள் நம் முதலமடை நிலையம் ஆலமரங்களின் நிழலில் உறங்கிக் கிடந்ததை இங்குள்ள பெரியோர் அறிவர். அவ்விடைக் காலத்தில் பிறந்தவள் எங்கள் மகள். 2015 நவம்பரில் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபோது அவளுக்கு வயது ஐந்து. பாலக்காட்டில் கூட்டத்திடையே வண்டியைப் பார்த்தவள்தான். ஆனால், தன் வீட்டுத் திண்ணை அதிர, சங்கொலி காதைப் பிளக்க, வண்டி ஓடுவது அவளுக்குப் புதிது. காதைப் பொத்திக்கொண்டு கட்டிலடியில் போய் ஒளிந்தாள். பாதையோரமாய்ப் போகும் வழியில் கால் வைக்க மறுத்தாள். இரயில் சோறு உண்ணும் வீட்டில் இரயிலுக்கு அஞ்சும் பிள்ளை! அக்கம் பக்கத்தார் சிரித்தனர், நாங்களும் சிரித்தோம். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

அதனை மாற்றியவர் எங்கள் அன்னையார், பிள்ளைக்கு அப்பத்தா. வண்டி வரும் நேரத்தில் கடலை மிட்டாய் ஒன்றை அவள் கையில் கொடுத்து, மடியில் இருத்தி, வீட்டின் பின்கட்டில் அமர்வார். நாள் சில சென்றபின் முன் திண்ணை. அதன்பின் வேலியோரம். அதன்பின் நிலையத்து ஆலமரத்தடி. "அது வந்துட்டுப் போகட்டும் தாயி, நாம இங்கனயே இருப்போம்" என்பார். அஞ்சாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. வண்டி இல்லை என்று பொய்யும் சொன்னதில்லை. ஒரு திங்களுக்குள் பிள்ளை நடைமேடையில் நின்று கார்டுக்குக் கை காட்டினாள்.

பின்னாளில் ஒரு செய்தி படித்து வியந்தோம். மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனுக்கு, அவன் விரும்பும் தின்பண்டத்தைக் கொடுத்து, முயற்கூண்டை அறையின் மறுகோடியில் வைத்து, சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து, இறுதியில் முயலை அவனே தடவிக்கொடுக்கும்படி செய்தாராம். அவ்வாய்வை அவர் வெளியிட்ட ஆண்டு 1924. இன்று உலகெங்கும் குழந்தைகளின் அச்சத்திற்குத் தரப்படும் பயிற்சிக்கு அது முன்னோடி. எழுத்தறியாத எங்கள் அன்னையார் கடலை மிட்டாயைக் கொண்டு செய்ததும் அதுவே.

இவ்வளவு நல்ல பாடம் வீட்டிலேயே நடந்தும் நாங்கள் அதனைக் கற்கவில்லை. அந்தக் குற்றத்தையே இனிச் சொல்லப்போகிறோம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு மகள் ஐந்தாம் வகுப்புக்காகப் புதிய பள்ளியில் பெயரளவில் சேர்ந்தாள். பாடமோ விக்டர்ஸ் தொலைக்காட்சியில் நடந்தது. 2021 மே திங்களில் எங்கள் அன்னையார் நோயுற்று, மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை. முகம் பார்க்கவும் வாய்க்கவில்லை. நவம்பர் முதல் நாள் பள்ளி திறந்தது. அதுவரை வாசலையும் மிதித்திராத பள்ளிக்கு, ஆறாம் வகுப்பு மாணவியாக அவள் போனாள். நான்கு நாள் போனாள். ஐந்தாம் நாள் வயிற்றுவலி என்றாள்.

மருத்துவரிடம் காட்டினோம்; சோதனைகளில் குறை ஒன்றுமில்லை. பத்து மணி ஆனால் வலி மறையும். இருட்டத் தொடங்கினால் நாளை நினைந்து அழுகை தொடங்கும். விடுப்புக் கடிதம் எழுதினோம். அலுவலகத்தில் நாள்முழுதும் குறிப்பெழுதிப் பழகிய கை அன்றோ! ஒன்றன்பின் ஒன்றாகப் பதினேழு கடிதங்கள் எழுதினோம். உறவினர் சிலர் செல்லம் என்றனர். சிலர் சோம்பல் என்றனர். சிலர் மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். ஒருநாள் சினம் மிகுந்து கையும் ஓங்கினோம். அன்று அவள் எங்களைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

2022 பிப்ரவரியில், வேறு வழியின்றி, மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பிள்ளையோடு தனியே பேசினார். எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லாதவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள்: "நான் பள்ளியில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" அவ்வளவுதான். மூன்று திங்களாக வயிற்றைப் பிசைந்தது அதுதான். பள்ளி அவளுக்குப் பகையன்று. வீட்டைவிட்டுப் போனால் வீடு அப்படியே இருக்குமா என்பதே அவள் கேள்வி. அப்பத்தா போனவிதம் அவளுக்கு அவ்வாறு கற்பித்திருந்தது. அதை நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் முன்பே கடிதம் எழுதினோம், அல்லது கை ஓங்கினோம்.

மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. விடுப்புக் கடிதம் எழுதுபவர் யார் என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும், வெளியே ஆபத்து இருப்பது உண்மை என்று அவளுக்குச் சான்றளிக்கிறது. ஒரு நாள் தப்பினால் அன்று நிம்மதி; மறுநாள் அச்சம் இருமடங்கு." நண்பர்களே, இவ்வுரையின் சாரம் இதுதான். அச்சத்திற்கு வழிவிட்டால் அது வளரும். வலிந்து தள்ளினாலும் வளரும். துணையோடு படிப்படியாக எதிர்கொண்டால் தேயும்.

அபாயக் குறியில் பழுதுபட்டு நிற்கும் கைகாட்டியின் முன் வண்டி என்றென்றும் நிற்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரைவதும் இல்லை. நிலைய அதிகாரியின் எழுத்து அனுமதியைப் பெற்று, விழிப்போடு மெல்ல ஊர்ந்து அதனைக் கடக்கும். எங்கள் மகளும் அவ்வாறே கடந்தாள். அவளையே படிகளை எழுதச் சொன்னார் மருத்துவர். முதற்படி, தாயோடு பள்ளி வாயில்வரை போய்த் திரும்புவது. இரண்டாம் படி, ஒரு பாடவேளை மட்டும் உள்ளே; தாய் வாயிலில். மூன்றாம் படி, தாய் கடைத்தெருவில். அதன்பின் நண்பகல்வரை. ஒரு படியில் அச்சம் பாதியாகக் குறையும்வரை அடுத்த படிக்குப் போகவில்லை. ஆனால், ஏறிய படியிலிருந்து கீழே இறங்கவும் விடவில்லை. தலைமையாசிரியர் ஒத்துழைத்தார். கோடை விடுமுறையில் அத்தை வீட்டில் ஓரிரவு, பிறகு இரண்டிரவு தங்கிப் பழகினாள். ஜூனில் ஏழாம் வகுப்புக்கு முழுநாளும் சென்றாள். அவள் இறங்கிய முதல் நாள் காலையில், வாயிலில் நின்ற தாய் சொன்னது, "அது வந்துட்டுப் போகட்டும் தாயி" என்பதே.

இன்று மேல்வகுப்பில் படிக்கிறாள். அச்சம் அடியோடு போய்விட்டது என்று பெருமை பேச மாட்டோம். தேர்வு நாளில் இன்றும் வயிறு பிசையும். பிசைந்தபடியே போய் எழுதிவிட்டு வருகிறாள். அது போதும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் பொருந்தும் கதை அன்று. 2008இல் அமெரிக்காவில், 7 முதல் 17 வயதுவரை உள்ள 488 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. எண்ணத்தையும் செயலையும் பழக்கும் பயிற்சியால் நூற்றுக்கு 60 பேர் நன்கு தேறினர்; மருந்தால் 55 பேர்; பயிற்சியும் மருந்தும் சேர்ந்து 81 பேர்; வெற்று மாத்திரையால் 24 பேர். ஆகவே, கடுமையான நிலையில் மருத்துவர் மருந்து தந்தால் அஞ்ச வேண்டா. மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவும் வேண்டா, இடையில் நிறுத்தவும் வேண்டா. 2020இல் யேல் பல்கலைக்கழகத்தார் மற்றோர் உண்மையைக் காட்டினர். பிள்ளைக்குப் பயிற்சி தராமல், அச்சத்திற்கு இடங்கொடுக்கும் பழக்கத்தை விடுமாறு பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்தபோதும், பிள்ளைக்கு நேரே பயிற்சி தந்ததற்கு இணையான பயன் கிடைத்ததாம். பிள்ளையின் நோய்க்குப் பாதி மருந்து நம் கையில் உளது என்பது இதனால் விளங்கும்.

பெற்றோர் கடமை யாது எனச் சுருக்கிக் கூறுகிறோம்.

முதலாவது, கேளுங்கள். "என்ன பயம்?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாதிருங்கள். "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்ற சொல் பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

இரண்டாவது, அச்சத்தை ஒப்புக்கொள்ளுங்கள், அதற்கு அடிபணியாதீர்கள். "உனக்குப் பயமாக இருக்கிறது, தெரிகிறது. இருந்தாலும் உன்னால் முடியும், நாங்கள் இருக்கிறோம்" என்ற இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் உறுதிமொழி கேட்கும் பிள்ளைக்கு ஒரு முறை விடை சொல்லுங்கள். பத்தாம் முறையும் சொன்னால், பதினோராம் முறை கேட்கவே பழகும்.

நான்காவது, படிகளைச் சிறியனவாக வையுங்கள். ஏறிய படிக்குப் பாராட்டுங்கள். மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல விடப் பழக்குங்கள்.

ஐந்தாவது, அடிக்காதீர்கள், பேயையும் போலீசையும் காட்டிச் சோறூட்டாதீர்கள். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டில் நமக்குச் சட்டம் வேண்டுமா? பள்ளியில் பிள்ளையை எவரேனும் அடித்தோ எள்ளியோ துன்புறுத்துவது தெரிந்தால், முதலில் அதனை நிறுத்துங்கள். மெய்யான ஆபத்தைப் பழகிக்கொள் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லலாகாது.

மந்திரிப்பதும் வேண்டுதலும் அவரவர் நம்பிக்கை. அதில் நாங்கள் தலையிடோம். அதனால் திங்கள் பல கடந்துபோக விடாதீர்கள் என்பதே வேண்டுகோள். 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்ற அரசுச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடந்துவருகிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். இன்னலுறும் குழந்தைகளுக்கு 1098 உளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் உளர். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சிய பெற்றோர் நாங்கள். பிள்ளையின் அச்சத்தைவிட எங்கள் அச்சம் பெரிதாயிருந்தது. அதனால் எங்கள் மகள் இழந்தது மூன்று திங்கள்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஜூன் திங்களில் தமிழ் வகுப்பை விட்டு மலையாள வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர். தாய்மார் விடியுமுன் மாந்தோப்பு வேலைக்குப் போய்விட, தாமே எழுந்து தாமே புறப்படும் பிள்ளைகளும் அவர்களுள் உளர். ஏப்ரல், மே விடுமுறையில் அவர்களுக்கு ஞாயிறுதோறும் மலையாளம் பேசவும் எழுதவும் சங்கக் கட்டடத்தில் சொல்லிக்கொடுப்போம். புதிய பள்ளியை ஒருமுறை முன்னதாகவே அழைத்துப்போய்க் காட்டுவோம். அங்கே படிக்கும் நம் மூத்த பிள்ளை ஒருவரை ஒவ்வொருவருக்கும் துணையாக இணைப்போம். செலவு ஒன்றுமில்லை, மனம் மட்டும் வேண்டும். முதல் ஞாயிறன்று கதவைத் திறந்து விளக்கேற்றும் பணியை எங்களுக்கே தந்தருளுமாறு வேண்டுகிறோம். மூத்த துணையாக வர எங்கள் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.